பயிற்றுநரை நீக்க என்ன விலை? ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ பற்றிய மதிப்பீடு

கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் வட்டார உணவகங்களின் பெரிய திரைகளுக்கு முன்னால் அமர்ந்து இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டங்களைப் பார்க்கும் நம்மவர்களிடையே, பிடித்த அணி அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டால் முதலில் எழும் பேச்சு பயிற்றுநரைப் பற்றியதுதான். “கோச்ச தூக்கினாத்தாண்ணே டீம் உருப்படும்” என்று ஒருவர் சொல்வார்; மேசையில் அதை மறுப்பவர் இருக்கமாட்டார். நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்ப்பவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் தூக்குவதற்கு எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு யார் தலையில் விழும், தூக்கிய பிறகு அணி இன்னும் கீழே போனால் என்ன செய்வது என்ற கேள்விகள் அந்த மேசைக்கு வருவதில்லை. அவற்றைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள ஒரு சாதாரண ரசிகருக்குக் கிடைக்கும் வழிகளில் ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ என்ற கணினி விளையாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எனினும் அது கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே நமக்குக் காட்டுகிறது. மறுபக்கத்தை நாமேதான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

லண்டனைச் சேர்ந்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி, சேகா வெளியிடும் தொடர் இது. இதன் வேர் காலியர் சகோதரர்கள் உருவாக்கி 1992இல் வெளியான ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ வரை நீள்கிறது. 2024 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. அடுத்த பதிப்பு 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதன் பின் 2025 நவம்பரில் புதிய மென்பொருள் அடித்தளத்துடன் ‘26’ வெளியானது. நான் இங்கே மதிப்பிடுவது 2024ஐ மட்டுமே. மலேசிய சூப்பர் லீக்கும் அதில் ஆடக்கூடிய லீக்குகளில் ஒன்றாக இருப்பது நமக்கு ஒரு கூடுதல் காரணம்.

விளையாட்டில் நாம் பயிற்றுநராக அமர்கிறோம். வேலையை ஏற்கும்போதே இயக்குநர் வாரியம் தன் எதிர்பார்ப்புகளைச் சொல்லிவிடுகிறது: இந்தப் பருவத்தில் எந்த இடத்தில் முடிக்க வேண்டும், எப்படிப்பட்ட ஆட்டத்தை ஆட வேண்டும், இளையோருக்கு எவ்வளவு வாய்ப்புத் தர வேண்டும், சம்பளச் செலவு எந்த அளவைத் தாண்டக்கூடாது. வாரியத்தின் நம்பிக்கையும் ரசிகர்களின் நம்பிக்கையும் தனித்தனியே தரம் பிரித்துக் காட்டப்படுகின்றன. புள்ளிப் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்தும் ஆட்ட முறை பிடிக்காததால் ரசிகர் நம்பிக்கை சரிவதும், தோல்விகளுக்கு நடுவிலும் நிதியை ஒழுங்காகக் கையாண்டதற்காக வாரியம் சற்றுப் பொறுத்துப் போவதும் இங்கே நடக்கும். பயிற்றுநரின் நாற்காலி புள்ளிகளின் மேல் மட்டும் நிற்பதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு கருவியை நான் பார்த்ததில்லை.

சரிவு தொடங்கும்போதுதான் இந்த விளையாட்டின் உண்மையான திறமை வெளிப்படுகிறது. ஒரு தோல்வி பெரிய மாற்றத்தைச் செய்யாது. மூன்றாவது, நான்காவது தோல்விக்குப் பிறகு, அணியில் மூத்தவரும் மற்றவர்கள் மதிப்பவருமான ஓர் ஆட்டக்காரர் தன் அதிருப்தியைச் சொல்கிறார். அவரைச் சுற்றியுள்ள குழுவும் அவர் பக்கம் சாய்கிறது. பயிற்சியில் உற்சாகம் குறைகிறது. செய்தியாளர் கூட்டத்தில் கேள்விகள் கூர்மையாகின்றன. அடுத்த பயிற்றுநர் யார் என்ற ஊகச் செய்திகள் வருகின்றன. பிறகு வாரியம் நம்மைக் கூட்டத்துக்கு அழைத்து, வரும் சில ஆட்டங்களில் இத்தனை புள்ளிகளாவது எடுக்க வேண்டும் என்று கெடு வைக்கிறது. அந்தக் கெடுவுக்குள் ஆடும்போது நம்முடைய முடிவுகளே மாறிப்போகின்றன. நாளைய அணிக்காக வளர்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞனை உட்கார வைத்துவிட்டு, இன்றைய ஒரு புள்ளிக்காக முப்பத்து நான்கு வயதுக்காரரை இறக்குகிறோம். பணிநீக்க மிரட்டல், நீக்கம் நடப்பதற்கு முன்பே கிளப்பின் எதிர்காலத்தைத் தின்னத் தொடங்கிவிடுகிறது என்பதை எந்தக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு அழுத்தமாக உணர்த்தியதில்லை.

இரண்டாவது பாடம் வேலையில்லாமல் தொடங்குபவருக்குக் கிடைக்கும். விளையாட்டு அதற்கு இடம் தருகிறது: எந்தக் கிளப்பிலும் சேராமல் காத்திருந்து, பருவத்தின் நடுவில் யாராவது நீக்கப்பட்டதும் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்படிப் போய் அமரும்போது, முன்னவர் தன் ஆட்ட முறைக்காக வாங்கிய ஆட்களே கையில் இருப்பார்கள். நம்முடைய வியூகத்துக்குத் தேவையான பக்கவாட்டு ஆட்டக்காரர் இருக்கமாட்டார். ஆட்டக்காரர்களை வாங்கும் காலம் முடிந்திருக்கும். புதிய வியூகத்தை அணி பழகிக்கொள்ள வாரங்கள் பிடிக்கும், அந்த வாரங்களிலும் ஆட்டங்கள் நிற்பதில்லை. முன்னவர் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு நீண்ட ஒப்பந்தமும் பெரிய சம்பளமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அந்தச் சுமையும் நம்முடையதாகும்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் அண்மைய வரலாற்றை இந்தப் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2024 மே மாதம் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை அந்தக் கிளப் ஜூலையில் 2026 வரை நீட்டித்தது. அவர் விருப்பத்துக்கு ஏற்ப ஆட்டக்காரர்களையும் வாங்கியது. அக்டோபர் 28இல், அணி 14ஆவது இடத்தில் இருந்தபோது, அவரை நீக்கியது. அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் ஆன செலவு 10.4 மில்லியன் பவுண்டு என்று கிளப்பின் கணக்கறிக்கை காட்டியது. அவருக்குப் பதிலாக ரூபன் அமோரிமைக் கொண்டுவர ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 11 மில்லியன் யூரோ தரப்பட்டது. சில மாதங்களுக்கு முன்புதான் பணியில் சேர்ந்திருந்த விளையாட்டுத் துறை இயக்குநர் டான் ஆஷ்வொர்த் டிசம்பரில் வெளியேறியதற்கு மேலும் 4.1 மில்லியன் பவுண்டு ஆனது.

இவை கணக்கறிக்கையில் எளிதில் கண்ணில் படும் தொகைகள். பெரிய செலவு வேறிடத்தில் இருந்தது. பருவம் முடிந்த பிறகு வரவே விரும்பியதாக அமோரிம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இப்போதே வர வேண்டும் என்பதே கிளப்பின் நிலைப்பாடு. மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களை நிறுத்தி ஆடும் அவருடைய முறைக்கு அமையாத அணியைப் பருவத்தின் நடுவில் எடுத்துக்கொண்டார். யுனைடெட் அந்தப் பருவத்தை 42 புள்ளிகளுடன் 15ஆவது இடத்தில் முடித்தது. பில்பாவ் நகரில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் டோட்டன்ஹாமிடம் தோற்று, அடுத்த பருவத்தில் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இடம்பெறாமல் போனது. அந்தப் போட்டிகளின் வருமானம் போனதோடு, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இல்லாத ஒவ்வொரு பருவத்துக்கும் அடிடாஸுடனான சீருடை ஒப்பந்தத்தில் 10 மில்லியன் பவுண்டு குறைக்கப்படும் என்ற விதியும் இருக்கிறது. அதே காலத்தில் கிளப் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, 2024இல் ஏறத்தாழ 250 பணியிடங்களையும், பிறகு 2025இல் மேலும் 150 முதல் 200 வரையிலான பணியிடங்களையும் குறைப்பதாக அறிவித்தது. ஓல்ட் டிராஃபர்டில் ஊழியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டுவந்த மதிய உணவும் நிறுத்தப்பட்டது. கிளப்பின் நட்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பயிற்றுநர் மாற்றம் மட்டுமே அல்ல. ஆனால் மேலே இருப்பவர்கள் ஜூலையில் நீட்டித்து அக்டோபரில் முறித்த ஒப்பந்தத்துக்கான பணமும், சமையலறையில் மிச்சம் பிடித்த பணமும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. எனக்கு இது மனத்தை வருத்தும் செய்தி. அணி தோற்கும்போது பயிற்றுநரின் பெயரை முழங்கும் நாம், அந்த ஊழியர்களை நினைப்பதே இல்லை.

இங்கேதான் விளையாட்டின் பெரிய குறை தெரிகிறது. நாம் எப்போதும் பயிற்றுநர். ஒருபோதும் வாரியத் தலைவர் அல்ல. நீக்கும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, மீதி ஒப்பந்தத்தின் மதிப்பும் புதியவருக்குத் தர வேண்டிய தொகையும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் ஏற்படும் இழப்பும் எவ்வாறு எடைபோடப்படுகின்றன என்பதைத் தீர்மானிக்கும் இருக்கை நமக்குக் கிடைப்பதில்லை. கதவுக்கு வெளியே காத்திருக்கும் ஆளாகவே இருக்கிறோம். துணைப் பயிற்றுநர் ஒருவரின் ஒப்பந்தத்தை நாமே முறிக்கும்போது மட்டும் அதற்கான இழப்பீட்டுத் தொகை திரையில் வந்து நிற்கிறது. இரு தரப்பும் இணங்கிப் பிரிய முயலலாமா, முழுத்தொகையும் கொடுத்து அனுப்பலாமா என்று அப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. நீக்கும் கை நம்முடையதாக இருக்கும் அந்தச் சிறிய அனுபவத்தை, முழுக் கிளப்பின் அளவுக்கு விரித்துக் கொடுத்திருந்தால் இது ஒப்பற்ற கல்விக் கருவியாகியிருக்கும்.

அந்த இருக்கையில் அமர்பவர் சந்திக்கும் கடினமான கேள்வி ஒன்று உண்டு: முன்னேற்றம் நீக்கத்தால் வந்ததா, அல்லது எப்படியும் வந்திருக்குமா? 1986 முதல் 2004 வரையிலான டச்சு முதல்தரக் காற்பந்தை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், பயிற்றுநரை நீக்கிய அணிகள் அதன்பின் மீண்டது உண்மையே என்றும், அதேபோன்ற சரிவில் இருந்தும் பயிற்றுநரை வைத்துக்கொண்ட அணிகளும் ஏறத்தாழ அதே அளவில் மீண்டன என்றும் கண்டார். கிளப்புகள் மிகவும் அடிமட்டத்தில் இருக்கும்போதே நீக்குகின்றன. அங்கிருந்து மேலே வருவதே இயல்பு. அந்த இயல்பான எழுச்சிக்கு மில்லியன் கணக்கில் விலை கொடுத்துவிட்டு, புதியவரின் மந்திரம் என்று நம்புகிறோம்.

விளையாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். சரிவின் ஆழத்தில் ஆட்டத்தைச் சேமித்து, அதிலிருந்து இரண்டு கிளைகளைப் பிரிக்கலாம். ஒன்றில் நாமே பதவி விலகி, கிளப் வேறொருவரை நியமிப்பதைப் பார்க்கலாம். மற்றொன்றில் அப்படியே தொடரலாம். காயமடைந்தவர்கள் திரும்பி, எதிரணிகளின் வலிமையும் சற்றுக் குறையும் காலம் வந்ததும், இரண்டு கிளைகளிலும் அணி எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருளின் இரண்டு கிளைகள் ஆய்வாகிவிடா என்பது உண்மை. ஆயினும் ‘ஆளை மாற்றியதால்தான்’ என்று சொல்வதற்கு முன் தயங்கும் பழக்கத்தை அது ஒருவருக்குத் தருகிறது.

தயக்கம் என்பதால் ஒருபோதும் நீக்கக்கூடாது என்று பொருளல்ல. 2021 ஜனவரியில், 9ஆவது இடத்தில் இருந்த செல்சி, கிளப்பின் நாயகனான ஃபிராங்க் லாம்பார்டை நீக்கிவிட்டுத் தாமஸ் டுக்கலைக் கொண்டுவந்தது; மே மாதம் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. எதிர்ப்பக்கத்தில் வாட்ஃபர்ட் இருக்கிறது. 2019–20 பருவத்தில் அந்தக் கிளப் மூன்று பயிற்றுநர்களை நீக்கியது. மூன்றாமவரான நைஜல் பியர்சன், இரண்டே ஆட்டங்கள் மிச்சமிருந்தபோது, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் வரிசைக்கு மேலே 17ஆவது இடத்தில் இருக்கும்போதே அனுப்பப்பட்டார். மிச்சமிருந்த இரண்டிலும் தோற்று வாட்ஃபர்ட் இறங்கியது. 2025இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் செப்டம்பரில் நியமித்த ஆஞ்ச் போஸ்டெகோக்லுவை, எட்டு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லாத நிலையில், 39 நாளில் அனுப்பியது. செல்சியிடம் வலிமையான ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை ஒழுங்குபடுத்தும் ஆள் மட்டுமே தேவைப்பட்டார். மற்ற இரண்டு கிளப்புகளிலும் அடுத்து என்ன செய்வது என்ற திட்டத்தைவிட அவசரமே முந்திக்கொண்டது என்பது என் கணிப்பு.

நம் நாட்டில் இதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0–5 என்ற கணக்கில் தோற்ற பிறகு தேசிய அணிப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் நீக்கப்பட்டார். பின்னர் பொறுப்பேற்ற கே. ராஜகோபால் அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் சீ விளையாட்டுப் போட்டியின் தங்கத்தையும், 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4–2 என வென்று தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தையும் கொண்டுவந்தார். இரண்டு பயிற்றுநர்களும் நம்மவர்கள் என்பதால், இதைப் பேசும்போது சிலர் ஒருவரைத் தூக்கி மற்றவரைத் தாழ்த்திவிடுகிறார்கள், அது நியாயமில்லை. இளையோரை நன்கறிந்த ராஜகோபால், தங்கம் வென்ற அந்த இளைய அணியையே மூத்த அணியின் முதுகெலும்பாக ஆக்கினார். அதனால் மாற்றம் பலன் தந்தது. மற்றொன்று ஜொகூர் டாருல் தாக்ஸிம். 2014 முதல் 2024–25 வரை தொடர்ந்து பதினொரு முறை சூப்பர் லீக்கை வென்ற அந்தக் கிளப், இடையில் பல பயிற்றுநர்களை மாற்றியிருக்கிறது. பயிற்சி வசதிகளும் ஆட்டக்காரர் தேர்வும் கிளப்பின் கையில் உறுதியாக இருப்பதால், ஒருவர் போனாலும் கட்டடம் அசைவதில்லை. மலேசிய லீக்கை விளையாட்டில் தேர்ந்தெடுப்பவர்கள், ஜொகூரிலும் பிறகு பணம் குறைந்த ஒரு கிளப்பிலும் ஆடிப் பார்த்தால் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்வார்கள்.

பணம் குறைந்த கிளப்புகளைப் பற்றி விளையாட்டு சொல்லாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2021 ஜனவரி முதல் பயிற்றுநர்களின் ஒப்பந்தங்களுக்கென்று ஃபிஃபா தனி விதிகளை நடைமுறையில் வைத்திருக்கிறது. நியாயமான காரணமின்றி முறித்தால், பொதுவாக மீதி ஒப்பந்தக் காலத்தின் மதிப்பே இழப்பீடு. பயிற்றுநர் அதற்குள் வேறு வேலையில் சேர்ந்திருந்தால் அந்த வருமானம் கழிக்கப்படும். தீர்ப்பளித்த தொகையைக் கட்டாத கிளப், புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய மூன்று பதிவுக் காலங்கள் வரை தடையைச் சந்திக்க நேரலாம். சம்பள பாக்கி அடிக்கடி செய்தியாகும் நம் லீக்கில், ஒரு வெளிநாட்டுப் பயிற்றுநரை ஆத்திரத்தில் அனுப்புவது அடுத்த ஆண்டின் அணியையே முடக்கக்கூடிய செயல். இந்த வழக்குப் பக்கத்தை விளையாட்டில் சேர்த்தால் சலிப்பாக இருக்கும் என்று அதன் ஆக்குநர்கள் கருதியிருக்கலாம். எனக்கு அது மிகவும் சுவையான பகுதியாகவே இருந்திருக்கும்.

பயிற்றுநர் உரிமத்தை விளையாட்டு கையாளும் விதத்தில் எனக்கு முழு நிறைவு. தொடக்கத்தில் குறைந்த தகுதியைத் தேர்ந்தெடுத்தால், மேற்படிப்புக்கு வாரியத்திடம் கேட்டுப் படிக்க வேண்டியிருக்கும். நிஜத்தில் இதற்கும் ஒரு விலை உண்டு. 2022 அக்டோபரில் ஆஸ்கர் கார்சியாவை நீக்கிய பிரான்ஸின் ரெய்ம்ஸ், இந்த விளையாட்டின் தீவிர ரசிகராக அறியப்பட்ட வில் ஸ்டில்லிடம் அணியை ஒப்படைத்தது. அவரிடம் உயர்நிலை உரிமம் இல்லாததால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவர் லீக்கில் 17 ஆட்டங்கள் தோல்வியின்றி நடத்தினார். நீக்கத்துக்குப் பின் கட்டிய தொகைகளில் இவ்வளவு பலன் தந்தது அரிது.

இந்தக் கேள்விகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு 2024 பதிப்பைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். வேகமான ஆட்டத்தைக் கையால் ஆட விரும்புபவர்களுக்கு இது ஏற்றதல்ல. பெரும்பாலான நேரம் வாசிப்பிலும் யோசனையிலும் போகும், அதுவும் ஆங்கிலத்தில். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒரே நேரத்தில் நிறைய லீக்குகளை ஏற்ற வேண்டாம். மலேசியாவோடு இன்னும் ஒன்றிரண்டு போதும். வேலையில்லாதவராகத் தொடங்குங்கள். தனியாக விற்கப்படும் திருத்தக் கருவியில் நம்மை நீக்க முடியாதவராக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். முதல் கிளப்பில் நீக்கப்பட்டால் உடனே பழைய சேமிப்புக்குத் திரும்பாமல், விடுமுறை வசதியைப் பயன்படுத்திப் பருவத்தை ஓடவிட்டு, நம் இடத்துக்கு வந்தவர் எந்த இடத்தில் முடித்தார் என்பதைப் பாருங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பது நல்லது.